எரிச்சலில் ஓடியவள்

சாலையில் வண்டி ஓட்டுகிறவர்களில் முக்கால்வாசிப் பேரை நடக்கவே விட்டிருக்கக் கூடாது என்பது பிரேக் டீச்சரின் தீர்மானமான அபிப்பிராயம். அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வேலை பார்த்தாள். பயிற்சிக் காரில் கற்றுக்கொள்கிறவரின் காலடியில் ஒரு பிரேக், பக்கத்து இருக்கையில் இவள் காலடியில் இன்னொரு பிரேக். எதிரே வருவது லாரியா, சைக்கிளா, மின்கம்பமா என்று ஓட்டுகிறவர் யோசித்து முடிப்பதற்குள் இவள் மிதித்துவிடுவாள். அதனால் வந்த பெயர்.

வண்டி நின்றதும் ஓட்டியவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "நல்லவேளை, நிறுத்திட்டேன்" என்பார்.

"நீங்க எங்க நிறுத்தினீங்க? நான் நிறுத்தினேன். நீங்க வேடிக்கை பாத்தீங்க."

அவளிடம் கற்றவர்களில் அழுதவர்கள் உண்டு. பாதியில் இறங்கி பஸ் பிடித்துப் போனவர்கள் உண்டு. ஆனால் அவளிடம் கற்று முடித்தவர் யாரும் தேர்வில் தோற்றதில்லை. தேறியவர்கள் இனிப்போடு வந்து நின்றால், "இனிமே என் கண்ணுல படாம ஓட்டுங்க" என்று சொல்லி டப்பாவை வாங்கிக்கொள்வாள். யாரையும் 'பரவாயில்லை' என்றுகூட அவள் சொன்னதாகப் பேச்சில்லை.

காலையிலிருந்து மாலைவரை உட்கார்ந்தே செய்கிற வேலை. வருஷங்கள் போகப் போக இருக்கையின் அகலத்துக்கு அவளும் அகன்றுவிட்டாள். மாடிப்படி ஏறினால் மூச்சு முன்னால் போய்விடும், அவள் பின்னால் வருவாள். மருத்துவர் தினமும் நடக்கச் சொன்னார், மெதுவாக ஓடினால் இன்னும் நல்லது என்றார். அந்த மருத்துவரின் கார் இரண்டு வண்டிகள் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு வாசலில் கோணலாக நின்றதை அவள் உள்ளே வரும்போதே பார்த்திருந்தாள். ஒரு காரை நேராக நிறுத்தத் துப்பில்லாதவர் சொல்லியா உடம்பை நிமிர்த்துவது என்று மாத்திரைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஆகவே அவள் ஓட ஆரம்பித்ததற்கு மருத்துவர் காரணமில்லை. நாத்தனார்தான் காரணம்.

நாத்தனார் என்றால் கணவரின் ஒரே தங்கை. டைல்ஸ் கடையில் விற்பனைப் பிரிவு. கழிப்பறைத் தரைக்குக் கல் பார்க்க வந்தவரிடம்கூட, "உங்க ரசனைக்கு இது கொஞ்சம் கம்மி சார்" என்று குழைந்து பேசி, விலை கூடின கல்லைத் தலையில் கட்டிவிடுவாள். அந்தக் குழைவு டீச்சருக்கு ஆகாது. ஒரு வருஷமாக அந்தக் குழைவோடு ஓட்டமும் சேர்ந்துகொண்டது. நாத்தனார் ஒரு ஓட்டக் குழுவில் சேர்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு மழை பெய்தால் ஓட முடியாத பேச்சு, வெயில் அடித்தால் ஓடிய பேச்சு. யாருக்காவது உடம்பு சரியில்லை என்று சொன்னால், "ஓடச் சொல்லுங்க" என்பாள். தினமும் காலையில் கைப்பேசியில் ஒரு படம் போடுவாள். சிவந்த வானம், அதற்கு முன்னால் இரண்டு காலணி, கீழே ஒரு வாசகம்: 'இன்று நான் என்னை வென்றேன்.'

"அப்ப தோத்தது யாரு?" என்று டீச்சர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்பாள். கணவர் பேச்சை மாற்றிவிடுவார். அவர் பிரிட்ஜ் பழுது பார்க்கிறவர். எதையும் அதிகம் சூடாக விடக் கூடாது என்பது அவர் தொழிலிலேயே இருந்தது.

நாத்தனார் புது வீட்டுக்குக் குடிபோனாள். நாலாவது மாடி. சொந்தக்காரர்களை எல்லாம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். லிஃப்ட்டில் வீட்டுச் சாமான் ஏறிக்கொண்டிருந்ததால் விருந்தாளிகள் படியேறினார்கள். டீச்சர் மேலே போய்ச் சேர்ந்தபோது கூடத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. பிடித்த இடத்தில் வரிசையாக மெடல்கள் தொங்கின. கல்யாணப் போட்டோ மாட்டுகிற இடம் அது.

பேசுகிற அளவுக்கு மூச்சு திரும்பியதும், "இதெல்லாம் நீ ஜெயிச்சதா?" என்று கேட்டாள்.

"இல்லண்ணி. முழுசா ஓடி முடிச்சவங்க எல்லாருக்கும் குடுப்பாங்க."

"எல்லாருக்குமா? அதுக்கு மெடல் எதுக்கு, டோக்கன் போதுமே."

இதற்கு ஒருவரும் சிரிக்கவில்லை. நாத்தனார் அண்ணிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு, டைல்ஸ் கடையில் பேசுகிற அதே இனிமையோடு சொன்னாள்: "நீங்களும் ஓடிப் பாக்கலாம் அண்ணி. ஆனா பாவம், உங்களுக்குக் கஷ்டம். உங்க உடம்புல வேலை செய்யறது ஒத்தைக் கால்தான். அதுவும் நிறுத்தறதுக்குத்தான் பழகியிருக்கு."

கூடமே சிரித்தது. கணவரும் சிரித்தார். வாயில் சோறு இருந்ததால் கொஞ்சம் புரையேறிச் சிரித்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், "அவ சும்மா தமாஷுக்குச் சொன்னா" என்றார்.

"நானும் தமாஷாத்தான் கேட்டேன். அதுக்கு யாருக்கும் புரையேறலையே."

மறுநாள் அவள் காலணிக் கடைக்குப் போனாள். விற்பனையாளர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வாக்கிங் போறதுக்கா மேடம்?" என்றார்.

"நடக்கறதுக்கு வீட்டுல செருப்பு இருக்கு. ஓடறதுக்குக் காட்டுங்க."

கத்திரிப்பூ நிறத்தில், அடியில் மெத்தை வைத்த ஒரு ஜோடியை அவர் கொண்டுவந்தார். "இதைப் போட்டுட்டா நீங்க ஓடவே வேணாம் மேடம். அதுவே ஓடும்."

"அப்ப அதை மட்டும் அனுப்பிவைக்கிறேன். நான் வீட்டுல தூங்கறேன்," என்று சொல்லிவிட்டு, இருப்பதிலேயே ஆடம்பரமில்லாத கறுப்பு ஜோடி ஒன்றை வாங்கினாள்.

முதல் நாள் ஓட்டம் வீட்டு வாசலில் ஆரம்பித்துத் தெருமுனை மருந்துக்கடையில் முடிந்தது. கடை இன்னும் திறக்கவில்லை. இழுத்துவிட்ட ஷட்டரில் சாய்ந்துகொண்டு அவள் தன்னைத்தானே பார்த்தாள். தன்னிடம் வரும் மிக மோசமான மாணவனைப் பார்க்கிற பார்வைதான் அது. எடுத்த எடுப்பில் முறுக்குகிறது, குலுங்குகிறது, நடு ரோட்டில் அணைந்துபோய் நிற்கிறது. இப்படி ஒருத்தி பயிற்சிக் காரில் ஏறியிருந்தால், 'நீங்க தையல் கத்துக்கலாமே' என்று சொல்லி இறக்கிவிட்டிருப்பாள். தொடைகள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. இல்லாத இடத்திலெல்லாம் உடம்பு இருந்தது. பால்காரர் சைக்கிளில் கடந்து போகும்போது, "யாராச்சும் துரத்தறாங்களாம்மா?" என்று நிஜமான அக்கறையோடு கேட்டார்.

மறுநாள் எழுந்திருக்க அவளுக்கு மனம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஓட்டம் என்பதில் ஓடுவதைவிடப் படுக்கையிலிருந்து எழுந்து ஜோடு மாட்டுவதுதான் பெரிய காரியம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கணவர் எங்கேயோ படித்துவிட்டு உற்சாகமாக யோசனைகள் சொன்னார்.

"பாட்டு கேட்டுக்கிட்டே ஓடினா களைப்பு தெரியாதாம்."

"பின்னால வர்ற லாரியும் தெரியாது."

"ஓடி முடிச்சதும் உனக்கு நீயே ஏதாவது பரிசு குடுத்துக்கணுமாம்."

"நான் என்ன சர்க்கஸ் நாயா?"

"ஃபோன்ல ஒரு ஆப் இருக்கு. எவ்வளவு ஓடறோம்னு அதுவே பாத்துக்கிட்டு, கூடவே பேசிக்கிட்டு வருமாம்."

அதை மட்டும் போட்டுப் பார்த்தாள். ஒரு நாள் மழைக்கு பஸ் நிறுத்தத்தில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தபோது சட்டைப் பையிலிருந்து ஒரு பெண் குரல், "அபாரம், இதே வேகத்தில் தொடருங்கள்" என்றது. நின்ற இடத்திலேயே அதை அழித்தாள். பாராட்டுகிறவர்களை அவள் எப்போதுமே நம்பியதில்லை. சும்மா நிற்கிறவளைப் பாராட்டுகிற இயந்திரத்தை வேறு வைத்துக்கொள்ளவா?

கடைசியில் அவளை எழுப்பியது ஒன்றே ஒன்றுதான். காலையில் கண் விழித்ததும் கைப்பேசியை எடுத்து நாத்தனார் போட்டிருக்கும் படத்தைப் பார்ப்பாள். சிவந்த வானம், காலணி, தன்னைத் தானே வென்ற வாசகம். பார்த்த உடனே வயிற்றிலிருந்து ஒரு காந்தல் கிளம்பித் தொண்டை வரைக்கும் வரும். அந்தக் காந்தல் ஆறுவதற்குள் ஜோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கிவிடுவாள். கடுங்காபிகூட அப்படி வேலை செய்ததில்லை. மருந்துக்கடை போய் அரிசி மண்டி வந்தது, அரிசி மண்டி போய்ப் பாலம் வந்தது. ஓடும்போதெல்லாம் மனசுக்குள் நாத்தனாரோடு பேசிக்கொண்டே ஓடினாள். நேரில் சொல்லாமல் விட்ட பதில்கள் வருஷக்கணக்கில் சேர்ந்திருந்தன. எரிபொருளுக்குப் பஞ்சமில்லை.

கொஞ்சம் தூரம் ஓட வந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஓட்டக் குழுவையே நேரில் பார்த்துவிடலாம் என்று போனாள். பூங்கா வாசலில் பளபளவென்று உடுத்திக்கொண்டு ஒரு கூட்டம் நின்றது. இடுப்பில் தண்ணீர் புட்டி, கையில் வேகம் காட்டும் கடிகாரம், நெற்றியில் வியர்வை உறிஞ்சும் பட்டை. போருக்குப் போகிற ஆயத்தம். போகப் போவதோ பஸ் டிப்போவைச் சுற்றிக்கொண்டு வருகிற தூரம். குழுவை நடத்தியவர் ஒரு வங்கியில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவர். 'காலை வணக்கம்' என்று சொன்னால்கூட, 'வணக்கம் சொல்ல ஒரு காலை கிடைத்ததே' என்று தொடங்குவார். டீச்சர் அவருக்கு அங்கேயே பொன்மொழி என்று பெயர் வைத்துவிட்டாள்.

பொன்மொழி எல்லோரையும் வட்டமாக நிற்கவைத்தார். "நாம ஏன் ஓடறோம்னு ஒவ்வொருத்தரும் மனசைத் திறந்து சொல்லுவோம்."

ஒருவர் பிள்ளைகளுக்காக ஓடினார். ஒருவர் மன அமைதிக்காக ஓடினார். ஒரு பெண் தன்னைத் தேடி ஓடுவதாகச் சொன்னாள். வீட்டிலேயே கிடைக்காத ஆள் டிப்போ பக்கம் எப்படிக் கிடைப்பாள் என்று டீச்சர் யோசித்துக்கொண்டிருக்கையில் அவள் முறை வந்தது.

"எனக்கு எங்க நாத்தனாரைப் பிடிக்காது. அதான் ஓடறேன்."

வட்டம் முழுக்கச் சிரித்தது. எதிரே நின்ற நாத்தனார்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். "எங்க அண்ணி எப்பவும் இப்படித்தான், பயங்கர ஜோக்" என்று பக்கத்திலிருந்தவர்களிடம் சொன்னாள். உண்மையைச் சொன்னால் இதுதான் வசதி, யாரும் நம்ப மாட்டார்கள்.

ஓட்டம் தொடங்கியதும் நாத்தனார் முதல் ஆளாய்ப் பாய்ந்தாள். கிடங்குகளைத் தாண்டித் திருப்பத்தில் மறைந்தாள். டீச்சர் எல்லோருக்கும் பின்னால், லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்ட மாட்டு வண்டியைப் போல வந்தாள். டிப்போவைச் சுற்றி, பாலம் ஏறி இறங்கி, பூங்காவுக்குத் திரும்பியபோது நாத்தனார் ஏற்கெனவே அங்கே நின்று இடுப்பை வளைத்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணி வாங்க, விட்டுடாதீங்க" என்று கைதட்டினாள். கைதட்டலை டீச்சர் சட்டை செய்யவில்லை. நாள் முழுக்கக் கண்ணாடியில் பின்னால் வருகிறதையும் பக்கத்தில் வருகிறதையும் பார்த்துப் பழகிய கண். நாத்தனாரின் கழுத்துப் பட்டை உலர்ந்து, இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்ததை அது பார்த்துவிட்டது. என்ன அர்த்தம் என்று அப்போது விளங்கவில்லை.

விளங்கியது ஒரு புதன்கிழமை. குழு புதன்கிழமையும் ஓடும், டீச்சருக்கு அன்றைக்கு விடியற்காலையிலேயே வகுப்பு. மருந்தாளுநர் ஒருவருக்குச் சந்தில் வண்டியைத் திருப்பக் கற்றுக்கொடுக்க டிப்போவின் பின்சுவர் ஓரமாகப் போயிருந்தாள். அவர் குறுக்கே நிறுத்தி அணைத்துவிட்டார். திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் திறந்தபடியே இருந்தாள். சாத்தியிருந்த நகல் கடை வாசலில் ஒரு பெஞ்சு. அதில் நாத்தனார் காலை நீட்டி உட்கார்ந்து, ஒரு கையால் பன் தின்றுகொண்டு, இன்னொரு கையால் கைப்பேசியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். அந்தச் சந்துக்குள் புகுந்தால் டிப்போவையும் சுற்ற வேண்டாம், பாலமும் ஏற வேண்டாம், நேரே பூங்காவின் பின்கேட். பன்னைத் தின்று முடித்தாள். புட்டியிலிருந்து தண்ணீர் எடுத்து முகத்தில் தெளித்துக்கொண்டாள். தலையை ஒரு தடவை கலைத்துவிட்டுக்கொண்டாள். பின்கேட் வழியாக உள்ளே போனாள்.

"சாரி டீச்சர், அணைஞ்சிடுச்சு," என்றார் மருந்தாளுநர்.

"பரவாயில்லை," என்றாள் டீச்சர்.

அவர் பயந்துபோய் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

அன்றைக்கும் நாத்தனார் தன்னை வென்றிருந்தாள். படத்தைப் பார்த்துக்கொண்டு டீச்சர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் இருந்து நாளாகியிருந்தது. கணவரிடம் சொல்லவில்லை. பொன்மொழியிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் ஒரே நாளில் தீர்ந்துபோகும். மிட்டாயைக் கன்னத்தில் ஒதுக்கிவைப்பதுபோல் ஒதுக்கிவைத்துக்கொண்டு ஓடினாள். அந்த வாரங்களில் ஓடியதுபோல் அவள் முன்பும் ஓடியதில்லை, பின்பும் ஓடவில்லை. பாலத்து ஏற்றத்தில் நெஞ்சு அடைத்தால் பன்னை நினைத்துக்கொள்வாள், கால் தானாக நகரும்.

பிறகு ஒரு நாள் படம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் நாத்தனார் இல்லை. "அவங்க குழுவுலேருந்து விலகிட்டாங்க. ஒவ்வொரு பயணத்துலயும் ஒரு ஓய்வு வரும்" என்றார் பொன்மொழி.

டீச்சர் முதலில் அதை வெற்றி என்றுதான் எடுத்துக்கொண்டாள். ஆனால் அடுத்த நாள் காலையில் விழித்தாள், கைப்பேசியைப் பார்த்தாள், ஒன்றும் இல்லை, வயிற்றில் காந்தலும் இல்லை. திரும்பிப் படுத்துக்கொண்டாள். வேறு யாரையாவது நினைத்துக்கொண்டு ஓடிப்பார்த்தாள். குழுவில் நெற்றிப் பட்டை கட்டி வருகிற ஒருவரை நினைத்தாள். கிடங்கு வரைக்கும்கூடத் தாங்கவில்லை. பொன்மொழியை நினைத்தாள். அவரை வெறுப்பது தலையணையை உதைப்பதுபோல் இருந்தது, குழிந்துவிட்டு மறுபடி உப்பிக்கொண்டு சிரித்தார். சொந்தத்துக்குள் வெறுப்பதில் இருக்கிற பிடிமானம் அந்நியரை வெறுப்பதில் வராது. கறுப்பு ஜோடு கட்டிலுக்கு அடியில் போனது. அந்த எரிச்சலுக்கும் ஒரு வடிகால் வேண்டியிருந்ததால் பயிற்சிக் காரில் பிரேக்கை மிதித்துத் தள்ளினாள். காலி ரோட்டில் நேராகப் போய்க்கொண்டிருந்தவர்களுக்கும் மிதித்தாள்.

ஒரு மாலை கணவர் சொன்னார்: "நீ திரும்ப ஓடவாவது போயேன். உன்கிட்ட கத்துக்கறவங்களுக்குக் கழுத்து பிசகிடப் போகுது."

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு நாத்தனார் வீட்டுக்குப் போனாள்.

நாத்தனார் நைட்டியோடு சோபாவில் கிடந்தாள். மேஜையில் மூன்று காபி டம்ளர் காய்ந்துகொண்டிருந்தது. அண்ணியைப் பார்த்ததும் எழுந்து தலையை ஒதுக்கிக்கொண்டாள்.

"என்ன உடம்புக்கு?" என்றாள் டீச்சர்.

"ஒன்னுமில்லண்ணி."

"அப்ப ஏன் ஓட வரல?"

நாத்தனார் தரையைப் பார்த்தாள். அவள் கடையிலேயே விலை கூடின கல் அது. "எனக்குப் பிடிக்கல. முதல்லேருந்தே பிடிக்கல. கடையில என்னைவிடச் சின்னவ ஒருத்தியை எனக்கு மேல உக்கார வெச்சாங்க. அவளுக்குத் தெரியாத ஏதாவது ஒன்னு என்கிட்ட இருக்கணும்னு தோணுச்சு. ஓடறேன்னு சொன்னா எல்லாரும் மரியாதையா பாக்கறாங்க அண்ணி. ஓடறதைவிட அதைச் சொல்றதுதான் நல்லா இருந்துச்சு. இப்ப அவ வேலையை விட்டுட்டுப் போயிட்டா. இனிமே எதுக்கு?"

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்திருப்பார்கள். டீச்சருக்கு இரக்கம் வரவில்லை, கோபம் வந்தது. ரொம்ப நாளாகக் கன்னத்தில் ஒதுக்கிவைத்திருந்தது கரைந்து சப்பென்று ஆகிவிட்டது.

"நீ பாட்டுக்குப் படுத்துக்கிட்டா நான் என்ன பண்றது? யாரை நினைச்சுக்கிட்டு நான் பாலம் ஏறறது?"

நாத்தனாருக்குப் புரியவில்லை. "என்ன சொல்றீங்க?"

"அன்னிக்கு எல்லார் முன்னாலயும் சொன்னேனே, உன்னைப் பிடிக்காதுன்னு. நீ ஜோக்குன்னு சொல்லிட்டே. ஜோக் இல்ல. தினமும் உன் படத்தைப் பாத்துட்டு வயிறெரிஞ்சுதான் எழுந்திரிச்சேன். நீ ஓட்டத்துல ஏமாத்தறதைக்கூட நான் யார்கிட்டயும் சொல்லல."

"நானா? நான் என்ன ஏமாத்தினேன்?"

"டிப்போ பின்னால, நகல் கடை பெஞ்சுல. பன்."

நாத்தனாரின் முகம் காதுவரைக்கும் சிவந்தது. எழுந்து ஜன்னல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தாள். "பாத்தீங்களா? பாத்துட்டு இத்தனை நாளா சும்மா இருந்தீங்களா? அண்ணன்கிட்டகூடச் சொல்லலையா?"

"சொன்னா தீந்துடும்ல."

"எவ்வளவு கல்நெஞ்சம் அண்ணி உங்களுக்கு." குழைவெல்லாம் போய்விட்டது. டைல்ஸ் கடையில் யாரும் அந்தக் குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள். "நீங்க ஓடறதை நீங்க பாத்திருக்கீங்களா? பீரோவை நகத்தற மாதிரி இருக்கு. பின்னால நீங்க வர்ற சத்தம் கேட்டுத்தான் நான் சந்துக்குள்ளயே போனேன், அந்தக் கண்றாவியைப் பாக்க முடியாம."

"பீரோ முழு ரவுண்டும் சுத்திட்டு வந்துச்சு. நீ பன்னு தின்னே."

"நாளைக்குக் காலைல வாங்க. பாலத்துல உங்களைக் கதற விடறேன்."

"வாயால ஓடாத. ஜோட்டை எடுத்து வெளிய வை."

படியிறங்கும்போது டீச்சரின் வயிற்றில் அந்தக் காந்தல் மறுபடி வந்திருந்தது.

மறுநாள் பூங்கா வாசலில் இருவரும் வணக்கம்கூடச் சொல்லிக்கொள்ளவில்லை. நாத்தனார் வழக்கம்போல் பாய்ந்தாள். டீச்சர் பீரோவை நகர்த்தினாள். டிப்போவைத் திரும்பும் இடத்திலேயே நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். முழுச் சுற்று அவள் ஓடினதே இல்லை, பாவம், பாலம் எந்தப் பக்கம் என்றுகூடச் சந்தேகமாகத்தான் தெரிந்திருக்கும்.

"முதல் கியர்லேயே மொத்தத்தையும் முறுக்கினா இப்படித்தான்," என்று சொல்லிவிட்டு டீச்சர் கடந்து போனாள்.

அது போதுமானதாக இருந்தது. நாத்தனார் ஏதோ திட்டிக்கொண்டு பின்னால் வந்தாள். பாலத்து ஏற்றத்தில் முந்தினாள், இறக்கத்தில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். டீச்சர் அவளை மறுபடி தாண்டும்போது, "சந்து வேணுமா, சந்து?" என்று கேட்டாள். பூங்காவுக்குள் ஒருவர் பின் ஒருவராக வந்து புல்லில் விழுந்தார்கள். பொன்மொழி கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். "அண்ணியும் நாத்தனாரும் ஒன்னா ஓடறீங்க. என்ன ஒரு பாசம். ஒரு படம் எடுத்துக்கட்டுமா?"

கீழே கிடந்த இருவரும் தலையைத் திருப்பி அவரை ஒரே மாதிரி பார்த்தார்கள். அவர் கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அதிலிருந்து இருவரும் வாரத்தில் சில நாள் சேர்ந்து ஓடுகிறார்கள். சேர்ந்து என்பது பேச்சுக்குத்தான். ஒருத்தி வராவிட்டால் இன்னொருத்தி போன் போட்டு, 'பன்னு வாங்கவா?' என்றோ, 'பீரோ பூட்டியிருக்கா?' என்றோ கேட்பாள், கேட்கப்பட்டவள் இறங்கி வந்துவிடுவாள். இருவருக்கும் வேகம் கூடவில்லை. இருவரும் மெலியவும் இல்லை, நாத்தனாருக்குக் கொஞ்சம் எடை ஏறிவிட்டது என்பது டீச்சரின் கருத்து. ஓடுவது இருவருக்கும் இன்றுவரை பிடிக்காது.

வருஷக் கடைசியில் ஊர்ப் பொது ஓட்டம் ஒன்றுக்கு இருவரும் பெயர் கொடுத்தார்கள். மற்றவள் பாதியில் நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர இருவருக்கும் வேறு நோக்கமில்லை. துப்பாக்கி வெடித்தது, ஆயிரக்கணக்கானவர்கள் போனார்கள், பாதி தூரத்துக்குமேல் இவர்கள் இருவரைத் தவிர யாரும் கண்ணில் படவில்லை. பின்னால் ஒரு சிறிய லாரி ஊர்ந்து வந்தது. ஓட்டப் பாதையில் வைத்த ஆரஞ்சுக் கூம்புகளை இரண்டு பேர் எடுத்து எடுத்து அதில் அடுக்கிக்கொண்டே வந்தார்கள். இவர்கள் தாண்டுவதற்குள் பக்கத்துக் கூம்பைத் தூக்கிவிடுகிற அவசரம். லாரியின் மூச்சு முதுகில் பட்டது.

டீச்சர் நின்றாள். திரும்பிப் போய் ஓட்டுநரின் ஜன்னலைத் தட்டினாள்.

"முன்னால போற வண்டிக்கும் உங்களுக்கும் எவ்வளவு இடைவெளி விடணும்?"

"முன்னால வண்டியே இல்லையேம்மா."

"நாங்க போறோம்ல? பிரேக்கை மிதிங்க. நல்லா. நான் சொல்ற வரைக்கும் எடுக்கக் கூடாது."

இருபது வருஷமாகக் கேட்டவர்களை எல்லாம் மிதிக்கவைத்த குரல். அவர் மிதித்தார். கூம்பு எடுத்தவர்களும் கையில் கூம்போடு நின்றுவிட்டார்கள். அவள் திரும்பி வருவதற்குள் நாத்தனார் வெகுதூரம் போயிருக்கலாம். போகவில்லை. அதே இடத்தில் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"எனக்காகவா நிக்கிறே?"

"கால் மரத்துடுச்சு. இல்லன்னா எப்பவோ போயிருப்பேன். வாங்க, நேரமாச்சு."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது காற்றடைத்த வரவேற்பு வளைவைப் பாதி இறக்கியிருந்தார்கள். குனிந்துதான் உள்ளே நுழைய வேண்டியிருந்தது. மெடல் தீர்ந்துவிட்டது. யார் முதலில் குனிந்தது என்று பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை.

அன்று சாயங்காலம் கணவருக்குத் தங்கையிடமிருந்து போன் வந்தது. "அண்ணா, அண்ணி என்ன சொன்னாங்கன்னு தெரியாது, நான்தான் முன்னால வந்தேன்," என்றாள். அவர் போனைக் கீழே வைத்ததும், ஈரத்துணியை முழங்காலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்த மனைவி நிமிர்ந்து பார்த்தாள்.

"பொய் சொல்றாளா?"

"நீதான் முன்னால வந்தேன்னு சொன்னா," என்று அவர் கூசாமல் சொன்னார்.

டீச்சர் முழங்காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். "அப்ப நிச்சயமா ஏதோ திட்டம் போடறா," என்று சொல்லிவிட்டு, கட்டிலுக்குக் கீழே குனிந்து ஜோட்டை இழுத்தாள்.